வீரமாமுனிவர் பிறந்த ஊரில் மூன்று நாள்கள்



காஸ்திலியோனே என்னும் ஊரின் பெயரைக் கேள்வியுற்றோர் நம் பங்குக் குடும்பங்களில் மிக அரியர். ஆனால் அவ்வூர் ஈன்ற மைந்தர் இருவரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றேனும் இராது. ஒருவர், நம் வீடுகளில் ஆண் குழந்தைகளுக்கு ஞானப்பிரகாசம் என்று பெயரிடக் காரணரான புனித ஞானப்பிரகாசியார். மற்றவர், தேம்பாவணி தந்த வீரமாமுனிவர். இவ்விருவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பதை நாமே குருமடத்தில் படித்தபோதுதான் அறிந்தோம். அறிந்த நாள் முதலாய் அவ்வூரை ஒருமுறை காண வேண்டும் என்ற ஆவல் நெஞ்சில் கிடந்தது. சென்ற ஆண்டு உரோமையில் ஒரு பயிற்சிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. பயிற்சி முடிந்து எஞ்சிய மூன்று நாள்களை அந்தச் சிற்றூருக்கென ஒதுக்கினோம்.

புறப்படுமுன் நிகழ்ந்த ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் நலம். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே பாலவனத்தம் இருக்கிறது. அதனைச் சுற்றிய கரிசல் காட்டில் சிதறிக் கிடக்கும் கிளைக் கிராமங்களுள் ஒன்று நம் பொறுப்பில் உள்ளது. அங்கே கீழத்தெருவில் ஒரு முதியவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் கீழத்தெருவாருக்கென ஒதுக்கப்பட்ட மூலை அவ்வாண்டு மழையில் நீர் தேங்கிக் குழி தோண்ட இயலாமற் போயிற்று. வேலிக்கு அப்பால் மேட்டு நிலம் வெறுமையாய்க் கிடந்தது. அதில் அடக்கம் செய்ய மேலத்தெருவார் இசையவில்லை. நாம் பேசினோம், வேண்டினோம், சற்றே கோபமும் கொண்டோம். இறுதியில் சடலத்தை இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புறம்போக்கு நிலத்துக்குச் சுமந்து சென்றனர். இரு தெருவாரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அந்தச் சுமையோடுதான் விமானம் ஏறினோம். சுற்றுலாக் கட்டுரையில் இஃது எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள்க.

மிலான் நகரிலிருந்து வெனிஸ் செல்லும் இருப்புப்பாதையில் தெசென்சானோ என்றொரு நிலையம் உண்டு. கார்தா என்னும் பெரிய ஏரியின் கரை அது. வண்டியை விட்டு இறங்கியவர் எல்லாரும் ஏரியை நோக்கி ஓடுகின்றனர். நாம் ஏரிக்கு முதுகு காட்டி, தெற்கே போகும் பேருந்தில் ஏறினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் காஸ்திலியோனே. முழுப் பெயர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. நாவு புரளச் சிறிது பயிற்சி வேண்டும். மாந்துவா மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அருப்புக்கோட்டையைவிடச் சிறியது என்றால் உருவம் விளங்கும்.

வெளிநாட்டு ஊர் என்றதும் பனியும் பைன் மரங்களும் நினைவுக்கு வரும். நாம் சென்றது ஜூன் மாதம். வெயில் நம்மூர் வெயிலுக்கு இளைத்ததன்று. தாழ்ந்த குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வளைந்து நிற்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணுமே இக்குன்றுகள் என்கின்றனர். சரிவுகளில் திராட்சை, சமவெளியில் மக்காச்சோளமும் கோதுமையும். நம் கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் மழையை அண்ணாந்து பார்த்து நிற்கும். அங்கே வாய்க்கால் நீர் தவறாமல் ஓடுகிறது. அந்த ஓர் வேறுபாட்டைக் கண்டு பெருமூச்சு விடாத கரிசல்காட்டான் இருக்கமாட்டான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நண்பகலில் கடைகளையும் பல கோவில்களையும் அடைத்துவிடுகின்றனர். மூன்று மணி வரை ஊர் உறங்குகிறது. நம்மூர்த் திண்ணைகளில் நடக்கும் அதே காரியந்தான். முதல் நாள் அதையறியாது வெயிலில் சென்று பூட்டிய கதவின் முன் நின்றோம். பிறகு ஓர் உணவு விடுதியில் பூசணிக்காயை உள்ளே பொதிந்து செய்த மாப்பண்டத்தை வாங்கி உண்டோம். மாந்துவா நாட்டின் பெயர்பெற்ற உணவாம் அது. இனிப்பா காரமா என்று நம் நாவினால் தீர்ப்புக் கூற முடியவில்லை. ஒரு மோர்மிளகாய் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியதை மறைப்பானேன்?

ஊரின் நடுநாயகமாக விளங்குவது ஞானப்பிரகாசியாரின் பேராலயம். இயேசு சபையினருக்காக எழுப்பப்பட்ட கோவில். உயர்பீடத்தில் அப்புனிதரின் மண்டையோடு பேணப்படுகிறது. உடல் உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் இருக்க, தலை மட்டும் பிறந்த ஊருக்குத் திரும்பியுள்ளது. நாம் உள்ளே நுழைந்த வேளையில் மூதாட்டியர் நால்வர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். மொழி விளங்காவிட்டாலும் அருள்நிறை மந்திரத்தின் ஏற்ற இறக்கம் எங்கும் ஒன்றே. நாமும் தமிழில் சேர்ந்துகொண்டோம்.

ஞானப்பிரகாசியாரின் சுரூபத்தை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். கையில் சிலுவை, வெண் மேலாடை, மெலிந்த முகம், கீழ்நோக்கிய கண்கள். அச்சுரூபம் அவரைச் சற்றுச் சாதுவாக்கிவிட்டது என்பது நம் கருத்து. ஊரைக் கண்டபின் அக்கருத்து உறுதிப்பட்டது. 1568-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் இவ்வூர்க் கோட்டையில் பிறந்தவர். தந்தை பெர்ராந்தே இவ்வூரை ஆண்ட கொன்சாகா குலத்துப் பிரபு. மூத்த மகன் ஆதலால் பட்டம் அவருக்குரியது. அதை 1585-ல் தம்பி ருதோல்போவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினேழு வயதில் உரோமையில் இயேசு சபை நவசந்நியாசத்தில் சேர்ந்தார். இதுவரை நம் ஞானோபதேச வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம்.

சொல்லிக் கொடுக்காதது ஒன்று உண்டு. துறவு பூண்ட சில ஆண்டுகளில் அவர் மீண்டும் இவ்வூருக்கு வர நேர்ந்தது. வீட்டுத் தகராறே காரணம். அண்டையிலுள்ள சொல்பெரினோ என்னும் கோட்டையூர் யாருக்கு உரியது என்பதில் தம்பிக்கும் மாந்துவாக் கோமகனுக்கும் பகை முற்றியிருந்தது. போதாக்குறைக்குத் தம்பி, தன் குலத்துக்குத் தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குடும்பத்துப் பெண்ணொருத்தியை மறைவாக மணந்திருந்தார். மணந்ததை ஊரறியச் சொல்லத் துணிவில்லை. குலப் பெருமை தடுத்தது. இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத அந்த இளந்துறவி வந்தார். கோமகனிடம் பேசி நிலத் தகராறைத் தீர்த்தார். தம்பியிடம், திருமணத்தை வெளிப்படையாக அறிவி என்று வற்புறுத்தி அறிவிக்கவும் செய்தார். அப்பெண் மறைவிலிருந்து வெளிவந்து அக்குடும்பத்தில் மனைவியாய் மதிக்கப்பட்டாள். இளைஞரின் பாதுகாவலர் என அவரைப் போற்றும் நாம், சுரூபத்தின் கீழே இக்கதையையும் எழுதி வைக்கலாம். நம் பங்குகளில் இன்றும் எத்தனை வீடுகளில் இத்தகைய திருமணங்கள் பேசப்படாமலே கிடக்கின்றன!

1591-ல் உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சென்று பணிசெய்து, நோய் தொற்றி, அவ்வாண்டு ஜூன் 21-ல் இறந்தார். வயது இருபத்து மூன்று.

பேராலயத்தை விட்டுச் சற்று நடந்தால் கன்னியர் இல்லம் ஒன்று உண்டு. அந்தத் தம்பி ருதோல்போவின் புதல்வியர் மூவர், சிந்தியா, ஒலிம்பியா, கிரிதோனியா என்போர், 1608-ல் தொடங்கிய இல்லம். அதில் இப்போது ஒரு காட்சிசாலை. பழைய ஓவியங்களும் வீட்டுப் பொருள்களும் வைத்திருக்கின்றனர். விரைவாகப் பார்த்து முடித்தோம். குன்றின்மேல் இருந்த கோட்டையோ பெரும்பாலும் அழிந்துபட்டது. அரசு போயிற்று, துறந்தவர் பெயர் நிற்கிறது.

இனி வீரமாமுனிவர்.

கொஸ்தான்சோ ஜூசேப்பே பெஸ்கி 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இவ்வூரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கப்பலேறிக் கோவா வந்தார். பிறகு திரும்பிச் செல்லவே இல்லை. 1747-ல் மறையும்வரை முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் நம் மண்ணே அவர் மண்.

தங்கிய இல்லத்திற்கு அருகே காப்பிக் கடை வைத்திருந்த பெரியவரிடம், பெஸ்கி பிறந்த வீடு எங்கே எனக் கேட்டோம். எந்தப் பெஸ்கி என்று வினவினார். அக்குடும்பப் பெயர் அங்கே பலருக்கும் உண்டாம். இந்தியாவில் ஒரு மொழிக்கு அகராதி எழுதியவர், மூவாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து பாடல்களில் சூசையப்பர் மேல் காப்பியம் பாடியவர் என்று நமக்குத் தெரிந்த இத்தாலியத்தில் விளக்கினோம். பெரியவர் புருவத்தை உயர்த்தினார். கடற்கரையில் அவருக்குச் சிலை உண்டு, சென்னை என்னும் பெருநகரில், 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது நாட்டப்பட்டது என்றோம். உடனே அவர் உள்ளே திரும்பித் தம் மனைவியை அழைத்து, நாம் சொன்னதை மீண்டும் சொல்லச் செய்தார். காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நம் வாழ்நாளில் வீரமாமுனிவர் பெயரால் கிடைத்த முதல் வருவாய் அதுவே!

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஊரார் அறியாமையைக் குறைகூறவும் இல்லை. பிறந்த மண்ணுக்குச் சேர வேண்டிய புகழையும் அம்மனிதர் நமக்கே தந்துவிட்டார் என்று எண்ணினோம். இலத்தீன் பெருங்கவி வெர்ஜில் பிறந்தது இதே மாந்துவா நாட்டில்தான். அக்கவியின் நாட்டு மைந்தர், இலத்தீனில் பாடாமல் தமிழில் விருத்தம் பாடினார். தமிழின் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஏட்டில் வேறுபாடின்றிக் கிடந்ததை மாற்றி, இன்று நாம் எழுதும் வடிவுக்கு வழிகோலினார். இக்கட்டுரையின் ஒவ்வொரு ஏகாரத்திலும் காஸ்திலியோனே ஊரின் கை இருக்கிறது.

மற்றொரு பொருத்தம் பேராலயத்தில் அமர்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது 1726-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ல். தேம்பாவணி பாடி முடிக்கப்பட்ட ஆண்டாகக் கூறப்படுவதும் 1726. தம் ஊர்ப் பிள்ளை பீடமேறிய செய்தி கடல் கடந்து வந்து சேர எத்தனை மாதம் ஆகியிருக்குமோ! அச்செய்தியைக் கேட்ட நாளில் முனிவர் தம் ஊரை நினைத்திருப்பார் என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம்.

நம் கரிசல் நாட்டுக்கும் முனிவருக்கும் உறவு உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் அவர் பணிபுரிந்தார். ஆகஸ்டு 15-ல் பரலோக மாதா திருவிழாவுக்கு நம் பங்கு மக்கள் ஆண்டுதோறும் செல்லும் ஊர் அது. திருவிழாக் கடையில் வளையலும் மிட்டாயும் வாங்கித் திரும்புகிறோமே, அதே மண்ணில் அவர் நடந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

பாலவனத்தமும் தமிழுக்குக் கொடுத்த ஊர்தான். பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். திருச்சிலுவை மகிமை விழா நாள் அது என்பது தற்செயலே. மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போனவர் திருக்குறள் படி ஒன்று கேட்க, அந்நகரில் உடனே கிடைக்கவில்லை என்பதுதான் சங்கம் பிறந்த கதையாகச் சொல்லப்படுகிறது. சங்கத்தின் 'செந்தமிழ்' இதழும், 1910-ல் வெளிவந்த அபிதான சிந்தாமணியும் அம்முயற்சியின் கனிகள். அவர் மறைந்தது 1911-ல், நாற்பத்து நான்காம் வயதில். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் காஸ்திலியோனேக்காரர். குறள் கிடைக்கவில்லையே என்று சங்கம் கண்டவர் பாலவனத்தத்துக்காரர். இரண்டு ஊரும் சிற்றூர்களே. காப்பிக் கடைப் பெரியவர் பெஸ்கியை அறியாதது போலவே, பாலவனத்தம் வழியே பேருந்தில் போகும் நம் இளைஞரும் தேவரை அறியார். பார்க்க என்ன சாமி இருக்கு நம்ம பக்கம் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் இனி இதைச் சொல்வதென்று முடிவு செய்தோம். அருகேயுள்ள திருச்சுழியில் குண்டாற்றங்கரைச் சிவன் கோவிலையும், 1879-ல் இரமண மகரிஷி பிறந்த வீட்டையும் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். நாமோ அவ்வழியே பேருந்தில் உறங்கியவாறு கடந்து போகிறோம்.

மூன்றாம் நாள்தான் இப்பயணத்தின் உயிர்நிலை. அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம் என்று சொல்ல முடியாது. செஞ்சிலுவைச் சங்கக் காட்சிசாலை இவ்வூரில் இருப்பதே நமக்கு முன்பு தெரியாது.

1859-ஆம் ஆண்டு ஜூன் 24. ஞானப்பிரகாசியார் தீர்த்துவைத்த தகராறுக்குக் காரணமான அதே சொல்பெரினோவில், ஒருபுறம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் சார்தீனிய மன்னர் விக்டர் இம்மானுவேலும், மறுபுறம் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பும் மோதினர். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் பொருதனர். பதினைந்து மணி நேரத்துக்குள் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக ஏறக்குறைய 40,000 பேர். மூன்று பேரரசர், மன்னர்களும் கத்தோலிக்கரே என்பதை வேதனையோடு குறிக்கிறோம்.

காயம்பட்டவர்களை மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி அண்டை ஊரான காஸ்திலியோனேக்குக் கொண்டுவந்தனர். சில ஆயிரம் பேரே வாழ்ந்த ஊரில் மூன்று நாள்களில் ஏறத்தாழ 9,000 காயமுற்றோர். கோவில்கள், மடங்கள், பள்ளி, வீட்டு முற்றம், தெரு எங்கும் வைக்கோல் பரப்பிக் கிடத்தினர். மருத்துவர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. ஊரின் பங்குக் குரு லோரென்சோ பார்சிட்சா கோவில் கதவுகளைத் திறந்துவிட்டு, மக்களை ஒன்றுதிரட்டினார். வரலாற்று நூல்களில் அவர் பெயர் ஓரிரு வரிகளே. ஒரு பங்குக் குருவாக நாம் அவ்வரிகளின்மேல் அதிக நேரம் நின்றுவிட்டோம்.

அந்நாளில் அங்கே வந்து சேர்ந்தவர் ஹென்றி துனாந்து. ஜெனீவா நகரத்து வணிகர், வயது முப்பத்தொன்று, கால்வினியப் பிரிவினைச் சபையைச் சார்ந்தவர். அல்சீரியாவில் தம் தொழிலுக்குச் சலுகை கேட்டுப் பிரெஞ்சுப் பேரரசரைக் காண வந்தவர். வெள்ளை உடை உடுத்தியிருந்தாராம். காயமுற்றோர் அவரை வெள்ளையுடை ஐயா என்றே அழைத்தனர். உயரமான படிகள் ஏறிச் செல்லும் பெரிய கோவிலில் மட்டும் 500 பேர் கிடந்தனர். தண்ணீர் இருந்தது, உணவு இருந்தது, கட்டுத்துணியும் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கைகள் இல்லை. எனவே தாகத்தால் செத்தார்கள். துனாந்து வணிக நோக்கத்தை மறந்து, ஊர்ப் பெண்களைக் கூட்டினார். சிறுவர் குடங்களிலும் வாளிகளிலும் ஊற்று நீர் சுமந்தனர். தம் வண்டிக்காரனை பிரெஷா நகருக்கு அனுப்பி எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டைகள், மூலிகைகள் வாங்கிவரச் செய்தார்.

அவர் முதலில் கண்டது, பிரெஞ்சு வீரரையும் ஆஸ்திரிய வீரரையும் அப்பெண்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்பது. ஆஸ்திரியர் அந்நாட்டாரை அடக்கியாண்டவர்கள். பகைவரே ஆயினும் வரிசையாகக் கிடந்தவர்க்கு வரிசையாகவே நீர் கொடுத்தனர். கேட்டால் இரண்டே சொற்கள் சொன்னார்கள்: தூத்தி ஃபிரதெல்லி. எல்லாரும் உடன்பிறந்தோர் என்பது பொருள்.

ஊரை ஒரேயடியாகப் புகழவும் வேண்டா. ஆஸ்திரியப் படை திரும்பி வருகிறது என்று இடையில் ஒரு பொய்ச் செய்தி பரவியதாம். உடனே சிலர் தம் கொடிகளை ஒளித்தனர், கதவை அடைத்தனர். வேறு சிலர் தெருவில் கிடந்த ஆஸ்திரியக் காயக்காரரைத் தேடி எடுத்துவந்து திடீர் உபசாரம் செய்தனர்! துனாந்து இதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அச்சமும் தன்னலமும் உடைய நம்மைப் போன்ற மனிதர்களே அவர்கள் என்பதை இதனால் அறிகிறோம். ஆகவே அவர்கள் செய்ததை நம்மால் செய்ய இயலாது என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை.

துனாந்து எழுதிய நூல் 1862-ல் வெளிவந்தது. 1863-ல் ஜெனீவாவில் குழு அமைந்தது. அதுவே செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. துனாந்தோ வணிகத்தில் நொடித்து, கடன்காரராகி, மறக்கப்பட்டு வறுமையில் வாழ்ந்தார். 1901-ல் உலகின் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாசி என்பவருக்கும் பகிர்ந்து தரப்பட்டது. பாலவனத்தத்தார் மதுரையில் சங்கம் கண்ட அதே ஆண்டு.

காட்சிசாலை போரின் நூற்றாண்டையொட்டி 1959-ல் திறக்கப்பட்டது. பழைய அரண்மனை போன்ற வீடு. குதிரை பூட்டிய நோயாளி வண்டிகள், தூக்குக் கட்டில்கள், அறுவைக் கருவிகள். அறுவைக் கருவிகளை நெடுநேரம் பார்க்க இயலவில்லை. நம்மூர்த் தச்சுப் பட்டறையின் இரம்பத்துக்கும் அவற்றுக்கும் வேறுபாடு குறைவு. மயக்க மருந்து எல்லாருக்கும் கிட்டாத காலம். தூக்குக் கட்டில்கள் பலவகை. இருவர் தூக்குவது, சக்கரம் வைத்தது, மலையில் முதுகில் சுமப்பது. அவற்றின் முன் நின்றபோது, புறம்போக்கு நிலத்துக்குத் தோளில் சுமந்து செல்லப்பட்ட நம் கிழவரின் பாடை கண்முன் வந்தது. பின்னே வந்த பள்ளிச் சிறுவர் கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாய் ஒதுங்கிக்கொண்டோம்.

பிறகு பெரிய கோவிலின் படிகளில் ஏறினோம். இன்று அது தூய்மையான, அமைதியான பங்குக் கோவில். குருதியும் இல்லை, வைக்கோலும் இல்லை. பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது வேண்டுதல் எதுவும் வரவில்லை. கிராமத்து வேலி மட்டுமே நினைவில் நின்றது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாய்க் கோவிலை இரண்டாய்ப் பிரித்து நின்ற சுவர் 1910-ல் இடிக்கப்பட்டதை நம் மூத்த குருக்கள் கதையாகச் சொல்வார்கள். இடித்தபின் வழக்கும் அடிதடியும் நடந்தனவாம். வீரமாமுனிவர் நடமாடிய ஊர்களுள் அதுவும் ஒன்று. முனிவர் காலத்துக் குருக்களே சாதி வழக்கங்களுக்கு இடங்கொடுத்துத்தான் மறைபரப்பினர். அன்று வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த நமக்கு என்ன சாக்கு?

மாலையில் சொல்பெரினோ சென்றோம். சில கிலோமீட்டர்தான். அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தில், போர்க்களத்தில் மாண்டவர்களின் எலும்புகளை 1870-ல் ஒன்றுசேர்த்து வைத்திருக்கின்றனர். ஏறக்குறைய 7,000 பேரின் எலும்புகள். பீடத்தின் பின்புறச் சுவர் முழுதும் மண்டையோடுகள், தரையிலிருந்து மேலே வரை அடுக்கடுக்காக. பிரெஞ்சுக்காரன் எது, ஆஸ்திரியன் எது, இத்தாலியன் எது என்று பிரிக்க முடியாமல் ஒன்றாய் வைத்துவிட்டனர். நாம் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. 1992 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் செஞ்சிலுவைத் தொண்டர் ஆயிரக்கணக்கில் கூடி, காயமுற்றோர் சுமக்கப்பட்ட அவ்வழியே சொல்பெரினோவிலிருந்து காஸ்திலியோனே வரை தீவட்டி ஏந்தி நடக்கின்றனர். நாம் சென்றது அதற்குச் சில நாள் முன்னர். காணக் கொடுத்துவைக்கவில்லை.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, அந்தக் கிளைக் கிராமத்தில் மாலைத் திருப்பலி. மறையுரையில் வேறொன்றும் பேசவில்லை. இக்கதையை மட்டும் சொன்னோம். வேலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திருப்பலி முடிந்து உபதேசியார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, மேலத்தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். எழுபதைக் கடந்தவர். அன்று அடக்கத்தைத் தடுத்தவர்களில் முன்நின்றவர். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

“சாமி, அந்த ஊருப் பொம்பளைங்க தண்ணி குடுக்கிறப்போ, நீ எந்தப் பக்கத்து ஆளுன்னு கேக்கவே இல்லையா?”

“இல்லை ஐயா. கேட்டிருந்தாலும் மொழி புரிந்திராது” என்றோம்.

“அது சரி” என்றார். மீண்டும் மௌனம். “அந்த எலும்பையெல்லாம் ஒண்ணாத்தான் வச்சிருக்காகளா?”

“ஒன்றாகத்தான்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விடைபெறாமலே நாலடி நடந்தவர் திரும்பி நின்று, கல்லறைத் திருநாளுக்கு முன் ஊர்க்கூட்டம் போடலாம், சாமியும் வரணும் என்றார். கீழத்தெருவாரும் வர வேண்டும் என்றோம். அதற்கு அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூட்டத்திற்கு நாள் குறித்தாகிவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு. இரு தெருவுக்கும் நாமே நேரில் சென்று சொல்லிவிட்டோம்.